இருபத்திரண்டாவது பெட்டி

ஏழுபனைத்துறையில் அந்தோனியார் பதில் எழுதத் தொடங்கியது, திருவிழாக் கொடியை இறக்கிய பின் வந்த முதல் செவ்வாய்க்கிழமை. அன்று காலை எல்லா வள்ளங்களிலும் சாளை குவிந்து கிடந்ததால், ஆண்கள் வலையோடும் பெண்கள் கூடையோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அதைப் போய்ப் பார்க்க ஊருக்கு மத்தியானம் வரை நேரம் கிடைக்கவில்லை. முதலில் பார்த்தவன் நான். என் பெயர் கஸ்பார். இந்தக் கோயிலில் முப்பத்தோரு வருடமாக உபதேசியாராக இருக்கிறேன். மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டில் சாமியார் வரும்வரை நின்று செபிப்பது, இவற்றோடு செவ்வாய்க்கிழமைகளில் மன்றாட்டு எழுதுவதும் என் வேலை.

எங்கள் ஊரில் அந்தோனியாரிடம் வாயால் கேட்டால் போதாது. கடற்கரையில் எந்நேரமும் காற்று அடித்துக்கொண்டிருக்கிறது, வாய்ச்சொல்லைக் காற்று எங்கே கொண்டுபோய்ப் போடும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே கேட்பதை ஒரு சீட்டில் எழுதி, அவர் பாதத்தடியில் இருக்கும் மரப்பெட்டியில் போட வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் தாங்களே எழுதிப் போடுவார்கள். தெரியாதவர்கள், கோயிலின் பக்கவாட்டு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் என்னிடம் வந்து சொல்வார்கள், நான் எழுதுவேன். அந்தோனியார் பெயர் எழுதின தாளை எரிக்கவும் கூடாது, அது காலில் மிதிபடவும் கூடாது என்று எப்போதோ இருந்த ஒரு வெள்ளைக்காரச் சாமியார் சொல்லிவிட்டுப் போனதால், ஒவ்வொரு திருவிழாவுக்கும் மரப்பெட்டியைக் காலி செய்து, அந்த வருடத்துச் சீட்டுகளை ஒரு தகரப்பெட்டியில் போட்டு, மூடியில் வருடத்தைப் பெயின்டால் எழுதி, மணிக்கூண்டின் கீழறையில் அடுக்கிவிடுவோம். தொண்ணூறு பெட்டிகளுக்கு மேல் அங்கே இருந்தன, உப்புக்காற்றில் துருப்பிடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக.

அந்தச் செவ்வாய்க்கிழமை மணி அடிக்கப் போனபோது, கடைசியாக வைத்த பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. மூடாமல் விட்டதற்குச் சாமியார் வைவாரே என்றுதான் முதலில் பயந்தேன். கையில் பட்ட சீட்டை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் என் எழுத்து: லூர்தம்மாளின் மகனுக்குக் கப்பலில் வேலை கிடைக்க வேண்டும். பின்பக்கத்திலும் என் எழுத்து, ஆனால் நான் எழுதாதது: 'கேட்டேன். கொடுத்தார். ஜனவரி பதினேழு.' அடுத்த சீட்டு யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது; பின்பக்கம் அதே கோணல் எழுத்தில், 'கேட்டேன். மறுத்தார். ஏப்ரல் இரண்டு.' இன்னொன்றில், 'கேட்டேன். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.' இன்னொன்றில், 'கேட்டேன். இது உனக்கு எதற்கு என்று கேட்கிறார்.' எழுதியவர் எழுத்து எதுவோ அதிலேயே பதில் இருந்தது, பென்சிலுக்குப் பென்சில், மைக்கு மை. போய்க் கேட்டவர் அந்தோனியார், கொடுத்ததும் மறுத்ததும் கடவுள்.

எங்கள் பங்குச்சாமியார் அன்செல்ம் சின்ன வயது, ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவர் முப்பது நாற்பது சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார்.

"உபதேசியாரே, பின்னால இருக்கது உங்க கையெழுத்து."

"முன்னால இருக்கதும் என் கையெழுத்துதான் ஃபாதர்."

அவர் பிஷப் இல்லத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பொறுத்திருங்கள் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தோனியாருடைய பதில்களைவிட அது நீளம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

சீட்டுகளைக் கொடுக்க வேண்டியவர்களிடம் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. கோயில் முற்றத்தில் பாயை விரித்து, நான் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு, அங்கேயே நின்று படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்கள் என்னிடமே நீட்டினார்கள். ஊர்க் கமிட்டித் தலைவர் குழந்தை மோத்தா, தன் சீட்டு ரகசியமாக இருக்கும் என்று நம்பி, எதிர்வீட்டுக்காரன் விசைப்படகின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோக வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர் சீட்டின் பின்னால், 'கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது,' என்று எழுதியிருந்தது. பின்னால் நின்றவன் எட்டிப் பார்த்துவிட்டான்.

"என்ன தலைவரே, புனிதரையே நாண வச்சிட்டீரு!"

"போல அங்கிட்டு. நான் எஞ்சினுக்கு நல்லது கேட்டேன். உபதேசியார் மாத்தி எழுதிட்டாரு."

"உம்ம எழுத்துல்ல வே அது!"

அன்று சிரித்தார்கள். அந்த ஆனி மாதத்தில் ஊர் சிரித்த கடைசிச் சிரிப்பு அது என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாம் செவ்வாய் அதற்கு முந்தின வருடத்துப் பெட்டி திறந்து கிடந்தது. மூன்றாம் செவ்வாய் அதற்கும் முந்தினது. வாரத்துக்கு ஒரு வருடம் என்று அந்தோனியார் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தார். எல்லாம் உபதேசியார் வேலைதான் என்று கொஞ்சம் பேர் சொன்னதால், கீழறைக்கு மூன்று பூட்டுப் போட்டு, ஒரு சாவி சாமியாரிடமும், ஒன்று மோத்தாவிடமும், ஒன்று என்னிடமும் இருக்க, கதவிடுக்கில் பாஸ்கா திரியின் மெழுகை உருக்கி ஊற்றி முத்திரையும் வைத்தோம். செவ்வாய்க்கிழமை காலை முத்திரை உடையாமல் இருந்தது, பெட்டி திறந்திருந்தது. அதற்குப் பிறகு யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. முத்திரை வைக்கும் பழக்கமும், அதில் மனசு விட்டுப்போய், தானாகவே நின்றது. சந்தேகப்பட்டபோது எனக்கு இருந்த நிம்மதி பிறகு இல்லை.

ஊர் அதைத் தன் பழக்கங்களில் சேர்த்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போகிறவர்கள் சீட்டை வாங்கிவிட்டுப் போனார்கள். கல்யாணம் பேச வருகிறவர்கள், பெண்வீட்டுக்கு எந்தெந்த வருடம் என்னென்ன மறுக்கப்பட்டது என்று சாடையாக விசாரித்தார்கள். 'கொடுத்தார்' வந்த சீட்டுகளைச் சட்டம் போட்டு மாட்டினார்கள், 'மறுத்தார்' வந்தவற்றை அரிசிப் பானைக்குள் வைத்தார்கள், 'இன்னும் ஒன்றும் சொல்லவில்லை' வந்தவர்கள் எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்கள். பிறகு யாரோ தேதிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். லூர்தம்மாளுக்கு இரண்டு சீட்டு. மகனுக்குக் கப்பல் வேலை, கொடுத்தார், ஜனவரி பதினேழு. புருஷனுக்குச் சிறுநீரகம் சுகமாக வேண்டும், மறுத்தார், ஜனவரி பதினேழு. புருஷன் மாசியில் இறந்திருந்தான். அவள் இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் நெடுநேரம் நின்றாள்.

"ஒரே நாள்ல ரெண்டையும் கொண்டுபோயிருக்கீரே," என்றாள். "எதக் கேக்கட்டும்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

கையில் குழந்தையேசுவைத் தாங்கிக்கொண்டு அவர் வழக்கம்போல் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்திலிருந்து மரப்பெட்டியில் சீட்டுகள் குறைந்தன. முன்பெல்லாம் ஒரு செவ்வாய்க்கு நூற்றைம்பது விழும். பத்தாம் செவ்வாய் மூன்று விழுந்தது, மூன்றிலும் 'நன்றி' என்று மட்டும் எழுதியிருந்தது. பதில் வராது என்றிருந்தபோது எவ்வளவு கேட்டார்கள், வரும் என்று தெரிந்ததும் ஒருவருக்கும் கேட்க வாய் வரவில்லை. பெண்கள் சுரூபத்தின் முன்னால் உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றார்கள். "ஒண்ணும் கேக்க வரல, சும்மா பாத்துட்டுப் போவ வந்தேன்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, முன்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நடையைவிட்டு இறங்கினார்கள். பிள்ளைகள் எது வேண்டும் என்று அடம்பிடித்தாலும் தாய்மார் பதறிப்போய் அவர்கள் வாயை மூடினார்கள்.

ஆனால் எனக்கு வந்த பயம் வேறு. அது ஏழாம் செவ்வாயில் திரேஸ் வடிவில் வந்தது.

திரேஸின் மகன் குடிகாரன். ஏழு வருடத்துக்கு முன்னால் அவள் என் மேசைக்கு வந்து, அவன் குடியை நிறுத்த வேண்டும், சாராயக் கடை வாசலில் அவன் கால் முடங்கிப்போனாலும் பரவாயில்லை, குடி நிற்க வேண்டும் என்று அழுது அழுது சொன்னாள். அன்று வரிசையில் அவளுக்குப் பின்னால் முப்பது பேர். நான், 'மகன் குடும்பத்தில் அமைதி உண்டாக மன்றாடுகிறோம்' என்று எழுதினேன். அப்படித்தான் எப்போதும் எழுதுவேன். அவர்கள் கொட்டுவதையெல்லாம் கோயிலுக்குத் தகுந்த வாசகமாக மாற்றி, இரண்டு வரியில். அது என் திறமை என்று நினைத்திருந்தேன். ஏழாம் செவ்வாயில் வந்த சீட்டை நான் திரேஸுக்குப் படித்துச் சொன்னேன்: 'கேட்டேன். கொடுத்தார். மே இருபது.'

"என்ன கொடுத்தாரு?"

"அமைதி, சித்தி."

அந்த மே இருபதாம் தேதிதான் மருமகள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனது. திரேஸ் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வீடு அமைதியாத்தான் இருக்கு கஸ்பாரு. குடிச்சிட்டு ஒருத்தன் கிடக்கான், பக்கத்துல ஒருத்தி உக்காந்திருக்கேன், ஒரு சத்தம் இல்ல. ஆனா நான் குடி நிக்கணும்னுல்லா சொன்னேன்?"

எழுதியிருந்ததைத்தான் அவர் கேட்டிருக்கிறார். சொன்னதை அல்ல. அன்று வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே நான் வருடங்களைப் பின்னோக்கி எண்ணினேன், எண்ணி, செலஸ்தீனாவின் வருடத்தில் வந்து நின்றேன். அது இருபத்திரண்டாவது பெட்டி.

செலஸ்தீனா என் பெரியப்பா மகன் ரெமிஜியுஸின் மனைவி, எனக்கு மைனி. ரெமிஜியுஸ் என்னைவிட ஒரு வயது மூத்தவன். ஊரில் கடலுக்குப் போகாத ஆண் நான் ஒருவன்தான். வள்ளத்தில் ஏறினால் குடல் வெளியே வந்துவிடும். அவன் கடற்கரையில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு, "எங்க கஸ்பாரு தண்ணி குடிச்சாலே வாந்தி எடுப்பான், அதான் கோயில் தீர்த்தத் தொட்டிப் பக்கமா பாத்து வேல வாங்கிட்டான்," என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஒரு ஆகஸ்டு மாதம், கச்சான் காற்று மூர்க்கமாக இருந்த நாளில், அவன் மூன்று பேரோடு வள்ளத்தில் போனான், திரும்பவில்லை. அவன் போன பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை. அன்று காலை, வடக்கே ஒரு துறையில் வள்ளத்துப் பலகை ஒன்று ஒதுங்கியது என்று செய்தி வந்திருந்தது. மறுநாள் கழிந்தால் பரலோக மாதா திருநாள். வரிசை கோயில் மதில் வரை நின்றது. மைனி வந்து, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். இறந்தவர்களுக்கு எழுதும் வாசகத்தை நான் எழுதினேன்: 'கடலில் மறைந்த ரெமிஜியுஸ் ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடைய மன்றாடுகிறோம்.'

ஏன் அப்படி எழுதினேன் என்பதை இந்த இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ விதமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரக்கத்தால் என்று சொல்லியிருக்கிறேன். நடக்காததைக் கேட்டு அவள் ஏமாறக் கூடாது என்று. களைப்பால் என்று சொல்லியிருக்கிறேன். பலகை ஒதுங்கிவிட்டது, எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது என்ற அகந்தையால் என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். தீர்த்தத் தொட்டி என்ற அந்தக் கேலிப் பேச்சு என் பேனாவில் எவ்வளவு தூரம் இறங்கியிருந்தது என்பதை மட்டும் நான் அளந்து பார்க்கவில்லை.

அவள் அதற்குப் பிறகு ஒரு சீட்டும் எழுதச் சொன்னதில்லை. "ஒருதரம் கேட்டாச்சு," என்பாள். "ரெண்டாம்தரம் கேட்டா, மொதத்தரம் நம்பலன்னு ஆயிரும்." தாலியைக் கழற்றவில்லை. அவன் ஆன்மாவுக்காகப் பூசை வைக்க விடவில்லை. கருவாடு விற்றும், நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தால் கல்லறைத் தோட்டத்து வாசலில் மெழுகுதிரி விற்றும் பிழைத்தாள். ஊர் முழுக்க அவளிடம் திரி வாங்கிக்கொண்டு உள்ளே போகும், அவள் மட்டும் வாசலைத் தாண்டியதில்லை. உள்ளே அவளுக்கு யாரும் இல்லை என்பாள்.

பதில்கள் வரத் தொடங்கியதிலிருந்து ஊரில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் அவள்தான். ஒவ்வொரு செவ்வாயும் கருவாட்டுக் கூடையை மதிலில் இறக்கிவிட்டு என்னிடம் வருவாள்.

"நம்ம பெட்டிக்கு இன்னும் எத்தன கொழுந்தனாரே?"

"இன்னும் பதினஞ்சு மைனி."

"இன்னும் எத்தன?"

"ஒம்பது."

"வேகமாத் தொறக்கச் சொல்லும் வே உம்ம அந்தோனியார. எனக்கு முட்டு வலி. நடக்க முடியாமப் போறதுக்குள்ள தெரிஞ்சுக்கிடணும்லா."

ஒன்பது எட்டாகி, எட்டு ஏழாகி, வாடைக்காற்று திரும்பி, கடல் கறுத்து, மழை பிடித்துக்கொண்டது. ஜெபம் சொல்லிக்கொடுக்கும்போது, 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்ற இடம் வந்தால் நாக்கு நின்றுவிடும், பிள்ளைகள் தாங்களே மேலே சொல்லிக்கொண்டு போவார்கள்.

இருபத்திரண்டாம் செவ்வாய்க்கு முந்தின சனிக்கிழமை, மணிக்கயிறு நைந்துவிட்டது என்று சொல்லி மற்ற இரண்டு சாவிகளையும் வாங்கிக்கொண்டு, பட்டப்பகலில் கீழறைக்குள் போனேன். பெட்டியைத் திறந்து தேடினேன். சீட்டு கிடைத்தது. முன்பக்கம் என் இரண்டு வரி. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பையில் புதுத்தாள் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். காப்பித்தண்ணீரில் நனைத்து உலர்த்திப் பழசாக்கியிருந்தேன். அவள் அன்று சொன்னதை, சொன்னபடி, இதில் எழுதி வைத்துவிட்டால் போதும்; பதில் எதுவாக இருந்தாலும், அது அவள் கேட்டதற்கான பதிலாக இருக்கும். பேனாவைத் திறந்தேன். திறந்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்கு ஞாபகம் இல்லை. மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் ஞாபகம் இருந்தன, பின்னால் நின்ற வரிசையின் நீளம் ஞாபகம் இருந்தது, மையின் நிறம்கூட ஞாபகம் இருந்தது. அவள் பேசியது இல்லை. நான் கேட்டிருக்கவே இல்லை. சீட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்து மூன்று பூட்டையும் பூட்டினேன்.

செவ்வாய்க்கிழமை தூறலாக இருந்ததால் பாயைக் கோயிலுக்குள் விரித்தோம். அவள் சலவைச் சேலை கட்டி, தலையில் பிச்சிப்பூ வைத்து வந்திருந்தாள். பெயரைச் சொன்னதும் வந்து வாங்கிக்கொண்டு, கூட்டமெல்லாம் கலையும்வரை சுரூபத்தின் பக்கத்தில் நின்றாள். பிறகு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"படியும்."

வாங்கினேன். பின்பக்கம் நிரம்பியிருந்தது. கண்ணால் படித்தேன், வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

"அந்தோனியாரே, என் கணவர் ரெமிஜியுஸ்…"

"இல்ல," என்றாள். "அப்படித் தொடங்கல. அவரு பேரு பொறவுதான் வரும். மொதல்ல என் பேரச் சொன்னேன்." கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளைகள் ஜெபம் ஒப்பிப்பதுபோல, நிறுத்தாமல் சொன்னாள். "அந்தோனியாரே, நான் செலஸ்தீனா, மேலத்தெரு கடைசி வீடு, முருங்க மரம் நிக்கும். உம்மள நான் இதுவர ஒண்ணும் கேட்டதில்ல. எங்க வீட்டுக்காரரு ரெமிஜியுஸு கடல்ல இருக்காரு. எடது காதுல அவருக்குச் சீழ் வடியும், காத்துப் பட்டா வலிக்கும், துணிய வச்சிக் கெட்டிக்கிடச் சொல்லும். கூட்டிட்டு வாரும். காலு இல்லாம வந்தாலும் நான் பாத்துக்கிடுதேன். வேற எடத்துல வேற பொம்பளகூட இருந்தாலும் பரவால்ல, நான் சண்டைக்கு வரல, கூட்டிட்டு வாரும். கேலி பேசுவாரு, மனசுல ஒண்ணும் கெடையாது, கஸ்பாருகிட்ட கேட்டுப் பாரும், அவரு தம்பிதான், சொல்லுவாரு." கண்ணைத் திறந்தாள். "இதான் நான் சொன்னது. டெய்லி சொல்லிப் பாப்பேன், மறந்துறக் கூடாதுன்னு. இப்ப படியும், நீரு என்ன எழுதுனீரு?"

அப்போதுதான் அவளுக்கு முன்பே தெரியும் என்று எனக்குப் புரிந்தது. எழுத்து தெரியாவிட்டாலும், தான் பேசியதன் நீளமும் என் பேனா ஓடிய நீளமும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் படித்தேன். முன்பக்கத்தைப் படித்தேன். பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தேன்.

"கேட்டேன். கொடுத்தார். ஆகஸ்டு பதினாலு, புதன்கிழமை."

அவன் கடலுக்குப் போன நாளிலிருந்து எண்ணி அவள் விரலை மடக்கினாள். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போய், அதுவும் முடிந்து, முதல் கையின் இரண்டாவது விரலில் நின்றது.

"நீரு எழுதுனது பதினோராம் நாளு. செவ்வாக்கெழம."

"ஆமா மைனி."

"அன்னைக்கு உசுரோட இருந்திருக்காரு."

கோயில் ஓட்டில் மழை விழுந்துகொண்டிருந்தது. தெரியாது மைனி என்று நான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் தலையிலிருந்த பிச்சிப்பூவை எடுத்தாள், என் மேசைமேல் வைத்தாள், கூடையிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். மணிக்கூண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நனைந்துகொண்டே கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள், வாசலில் ஒரு கணம் நின்றாள், பிறகு உள்ளே போனாள். அங்கே அவனுக்குக் கல்லறை கிடையாது. எந்த இடத்தில் திரியை ஏற்றுவது என்று தெரியாமல் அவள் சுற்றிச் சுற்றி நடந்ததை, மழையில் ஒவ்வொரு தீக்குச்சியாக அணைந்ததை, நான் பார்த்தேன்.

அவள் ஊரில் சொல்லுவாள் என்று பயந்தேன். சொல்லவில்லை. சாமியாரிடம் போவாள் என்று பயந்தேன். நானே போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அன்செல்ம் சாமியார் மன்னிப்பு மந்திரத்தைச் சொன்னார், ஆனால் அவர் குரலில் தடுமாற்றம் இருந்தது, கடவுள் தரப்பில் எல்லாம் சரிதான், மற்றத் தரப்பை எனக்குத் தெரியாது என்பதுபோல.

அடுத்த செவ்வாய் அவள் வந்தாள். பூ இல்லை, தாலி இல்லை. மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். மூன்று மாதத்தில் மன்றாட்டு எழுதச் சொல்லி என் முன்னால் வந்து உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். கோயிலில் இருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எழுதும்," என்றாள். "நான் சொல்லுதபடி. ஒரு எழுத்து கூடவும் வேண்டாம், கொறயவும் வேண்டாம்."

எழுதினேன்.

"அந்தோனியாரே, நான் செலஸ்தீனா. மேலத்தெரு கடைசி வீடு. முருங்க மரத்த வெட்டியாச்சு. இத எழுதுறது கஸ்பாரு. கஸ்பாருக்கு…"

நிறுத்தினாள். நான் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் காத்திருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். கோபம் இல்லை, கண்ணீரும் இல்லை. ஏலத்தில் மீனைப் பார்ப்பதுபோல், எந்த மீனுக்கு எவ்வளவு என்று தெரிந்தவள் பார்ப்பதுபோல் பார்த்தாள். பேனா நின்ற இடத்தில் மை ஊறிப் பெரிதாகியது.

"இன்னைக்கு இது போதும்," என்றாள். "மீதிய யோசிச்சிச் சொல்லுதேன்."

"இப்பவே முடிச்சிருங்க மைனி."

"என்ன அவசரம் கொழுந்தனாரே? வரிசையா நிக்கி?"

பின்னால் யாரும் நிற்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் வருகிறாள். உட்காருகிறாள். நான் அந்தச் சீட்டை எடுத்து வைத்து, 'கஸ்பாருக்கு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். சில நாள் கருவாட்டு விலையைப் பற்றிப் பேசுகிறாள், சில நாள் முட்டு வலியைப் பற்றி. சில நாள் ஒன்றும் பேசுவதில்லை. அரைமணி நேரம் கழித்து எழுந்து போகிறாள். மணிக்கூண்டில் பெட்டிகள் திறந்துகொண்டேதான் இருக்கின்றன. இப்போது நான் பிறப்பதற்கு முந்தின வருடங்களில் இருக்கிறார் அந்தோனியார், வாங்கிக்கொள்ள ஆளில்லாத பதில்கள் அறையில் குவிகின்றன. எனக்கு நெஞ்சு லேசாகப் படபடத்தால், காலில் முள் குத்தினால், வெயிலில் கண் இருண்டால், இதுதானா அவள் கேட்டது என்று நினைக்கிறேன். ஒன்றும் நடக்காமல் ஒரு நாள் நன்றாகக் கழிந்தால் இன்னும் பயமாக இருக்கிறது. அவள் இருபத்திரண்டு வருடம் இப்படித்தான் அலையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். ஆனால் அவள் காத்திருந்தது வரவேண்டும் என்று, நான் காத்திருப்பது வரக் கூடாது என்று.

போன செவ்வாய் காலை, அவள் வருவதற்கு முன்னால் சீட்டை எடுத்து மேசையில் வைத்தபோது, காற்று அதைப் புரட்டிப் போட்டது. பின்பக்கம் வெறுமையாக இல்லை. நட்டநடுவில், என் எழுத்தில், ஒரே ஒரு சொல் இருந்தது.

'கேட்டேன்.'

புள்ளியும் வைத்திருந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை, தேதியும் இல்லை.

அவள் கூடையை மதிலில் இறக்கிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் படியேறி வந்து உட்கார்ந்தாள். சீட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

"மைனி, கேட்டாராம்."

"சரி."

"நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலியே."

அவள் சுரூபத்தை ஒருதரம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"உம்மகிட்டதான் சொல்லல," என்றாள்.

அன்று அரைமணி நேரம் அவள் உட்காரவில்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, தெருவில் "கருவாடு… கருவாடு…" என்று கூவியபடி போய்விட்டாள். நான் மேசையிலேயே இருக்கிறேன். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லுக்கு இடம் இருக்கிறது. கொடுத்தார் என்று வரலாம், மறுத்தார் என்று வரலாம். அவள் எனக்காக என்ன கேட்டாள் என்று தெரிந்தால், இரண்டில் எது வரவேண்டும் என்று நான் அந்தோனியாரிடம் மன்றாடலாம். ஒவ்வொரு காலையும் மணி அடித்துவிட்டு வந்து சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நிற்கிறேன், எந்தச் சொல்லுக்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், ஊரில் மற்ற எல்லோரையும்போல வாயை இறுக மூடிக்கொண்டு.